பக்கத்து இருக்கையின் பிரேக்

கார் ஓட்டும் சோதனையில் நான் முதல் தடவை தோற்றது மேட்டில். கூலாய் ஊருக்கு வெளியே இருக்கும் பயிற்சி நிலையத்தின் வளாகத்துக்குள்ளேயே அந்த மேடு இருக்கிறது. சிமெண்டில் போட்டது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஏறுகிற சரிவைவிடப் பெரியதில்லை. ஏறும் வழியில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அங்கே காரை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுக்க வேண்டும். பிறகு அதை இறக்கி, கார் பின்னால் நழுவாமல் கிளம்ப வேண்டும். மேட்டுச் சோதனையின்போது காருக்குள் நாம் மட்டும்தான். அதிகாரி வெளியே நிழலில் நின்று பார்ப்பார்.

நான் சரியாகத்தான் நிறுத்தினேன். கைப்பிரேக்கை இறக்கியதும் கார் பின்னால் உருண்டது. முதலில் எனக்கு அது உருளுவதாகவே தெரியவில்லை. எதிரே இருந்த கம்பம் என்னைவிட்டுத் தள்ளிப் போவது போல இருந்தது. புரிந்து பிரேக்கை மிதித்தபோது மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கீழே வந்திருந்தேன். அதிகாரி நடந்து வந்தார். என் மாணவர்களின் அண்ணன் வயதுதான் இருக்கும். விண்ணப்பப் பாரத்தில் என் தொழிலைப் பார்த்திருக்கிறார் போல. மலாயில் மெதுவாக, "பரவாயில்லை சிக்கு, இன்னொரு நாள் வாங்க," என்றார். சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர். அந்த மரியாதைதான் என்னை அதிகம் கூச வைத்தது.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அவ்வளவு நாளும் கூலாயில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வேலை. கார் ஓட்ட வேண்டிய தேவையே வரவில்லை. என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். எல்லைப் பாலத்து நெரிசலுக்குப் பயந்து விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். கியர் போடும் எங்கள் பழைய கார் வாரம் முழுக்க வீட்டு முன்னால் சும்மா நிற்கும். பிறகு எனக்கு ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கு மாற்றம் வந்தது. அங்கே வேலை செய்த ஓர் ஆசிரியை கூலாயிலிருந்துதான் போய்வந்தார். தன் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். அவர் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது.

"நான் போனப்புறம் என்ன செய்வீங்க டீச்சர்?" என்று ஒரு நாள் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் போகும்போது கேட்டார்.

"பஸ்ஸு இருக்குமே."

"இருக்கு. நீங்க போய்ச் சேரும்போது பிள்ளைங்க பசியாறிட்டு ரெண்டாவது பாடத்துல இருக்கும்."

அந்த வாரமே பயிற்சி நிலையத்தில் பெயரைப் பதிந்தேன்.

என் முதல் பயிற்றுநர் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய தமிழர். கார் ஓட்டக் கற்றுத்தருபவரையும் இங்கே சிக்கு என்றுதான் கூப்பிடுவோம். அதனால் அவர் என்னை டீச்சர் என்பார், நான் அவரைச் சிக்கு என்பேன். ஒரே காருக்குள் இரண்டு ஆசிரியர்கள். நல்ல மனிதர். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. பக்கத்துத் தடத்தில் வேறொரு பயிற்றுநர் ஒரு சின்னப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, எனக்கு இவர் கிடைத்தாரே என்று நிம்மதியடைந்தேன். ஸ்டியரிங்கில் கை வைத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார்:

"பயப்படாதீங்க டீச்சர். நான் இருக்கேன்லா."

பயிற்சிக் காரில் பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவர் கால் எப்போதும் அதன்மேல்தான். சந்திப்பில், மேட்டில், நிறுத்துமிடத்தில் எங்கேயும் நான் தடுமாறுவதற்குள் கார் நின்றுவிடும். நான்தான் நிறுத்தினேன் என்று நினைத்துக்கொள்வேன். மேட்டுப் பயிற்சியில் கார் ஒரு விரல் அளவுகூடப் பின்னால் வந்ததில்லை. பத்துத் தடவை ஏறினால் பத்துத் தடவையும் வெற்றி.

சோதனையில் தோற்ற அன்று அவருக்கு என்னைவிட வருத்தம்.

"என்கூட இருக்கும்போது நல்லாத்தானே ஏறினீங்க," என்றார். "எப்படி உருண்டுச்சு?"

எனக்கும் தெரியவில்லை. பதற்றம் என்று சொன்னேன். அவரும் பதற்றம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அதே மாதத்தில்தான் பள்ளியில் அந்த விஷயம் நடந்தது.

இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒன்பது பிள்ளைகள். தோட்டத்துப் பள்ளிகளில் இப்போதெல்லாம் வகுப்புகள் அப்படித்தான் சுருங்கிவிட்டன. எண்ணிக்கை குறைவாக இருந்ததால் ஒவ்வொரு பிள்ளையையும் தினமும் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்ல முடிந்தது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஒன்பது பேரில் ஒரு சிறுமி, ஒல்லியாக, பேசினால் காற்று போலக் குரல். மற்றவர்கள் முன்னால் வாய் திறக்கமாட்டாள். என் மேசைப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும் வாசிப்பாள். தயங்குவாள், நான் முதல் எழுத்தைச் சொல்வேன், மீதியை அவள் சொல்வாள். பதிவேட்டில் 'வாசிப்பு நன்று' என்று எழுதியிருந்தேன்.

எங்கள் தலைமையாசிரியை ஒவ்வொரு பிள்ளையையும் தன் அறைக்குத் தனியாக அழைத்து வாசிக்க வைத்துப் பார்ப்பது வழக்கம். இந்தச் சிறுமியை அழைத்த அன்று மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இந்தப் பிள்ளைக்கு 'நன்று'ன்னு போட்டிருக்கீங்க. என்கிட்ட ஒரு சொல்லுகூட வாசிக்கல."

"கூச்சப்படுவா. உங்களைப் பார்த்துப் பயந்திருப்பா."

"அப்படின்னா நீங்க பக்கத்துல இருங்க. இன்னொரு தடவை பாப்போம்."

சிறுமியை அழைத்து வந்தேன். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "பயப்படாதே, டீச்சர் இருக்கேன்," என்றேன். அவள் வாசித்தாள். மூன்று வரி. தயக்கம் இருந்தது, ஆனால் வாசித்தாள். நான் நிமிர்ந்து தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர் சிறுமியைப் பாராட்டி வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அவ புத்தகத்தைப் பாக்கவே இல்ல. உங்க வாயைத்தான் பாக்குறா."

"என் வாயையா?"

"நீங்க சத்தம் இல்லாம கூடவே வாசிக்கிறீங்க. உங்களுக்கே தெரியல போல."

தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "இப்பத்தான் உனக்குத் தெரியுமா? நான் யார்கிட்டயாவது போன்ல பேசும்போதுகூட நான் சொல்லப்போறதை உன் வாய் முதல்ல சொல்லும்," என்றார். அவருக்கு அது வேடிக்கை. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

தலைமையாசிரியை கண்டிக்கவில்லை. அவளைப் பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பலாமா என்று மட்டும் கேட்டார். ஒரு மாதம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். அந்த ஒரு மாதத்தில் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாம் ஆண்டின் பாதி போய்விட்டது. தினமும் அந்தப் பிள்ளை என் மேசைக்கு வந்து நான் வாசிப்பதைக் கண்ணால் பார்த்து ஒப்பித்துவிட்டுப் போயிருக்கிறாள். நானும் பாராட்டி நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது எங்கள் ஒவ்வொருவரையும் தத்தம் கல்விக் கொள்கை என்ன என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். எல்லாரும் பெரிய பெரிய சிந்தனையாளர்களைத் தேடிக்கொண்டு நூலகத்துக்குப் போனார்கள். நான் என் மனதில் பட்டதை எழுதினேன். பயந்த பிள்ளை கற்காது. ஆகவே ஆசிரியர் பிள்ளையின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கற்பித்தல் என்றால் கூட இருப்பது. விரிவுரையாளர் நல்ல மதிப்பெண் போட்டார். ஓரத்தில் பென்சிலால், 'எவ்வளவு நாள்?' என்று ஒரு கேள்வியும் எழுதியிருந்தார். மதிப்பெண்தான் கிடைத்துவிட்டதே என்று அதை நான் பொருட்படுத்தவில்லை. அந்த வாரம் அந்தத் தாளை அலமாரியில் தேடினேன். கிடைக்கவில்லை.

முதல் பயிற்றுநருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. இரண்டு மாதம் வரமாட்டார் என்று நிலையத்தில் சொல்லி, வேறொருவரிடம் என்னை மாற்றினார்கள். முப்பது முப்பத்திரண்டு வயதுத் தமிழ்ப் பெண். முன்பு செனாய் பக்கம் ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் அவர் காலையே பார்த்தேன்.

"என்ன டீச்சர்?"

"பிரேக்குல கால் வைக்கலையா?"

"மேட்டுலதானே தோத்தீங்க? பின்னால ஒன்னும் இல்ல. புல்லுதான். போங்க."

ஏறினேன். நிறுத்தினேன். கைப்பிரேக்கை இறக்கினேன். கார் உருண்டது. "பிரேக்கு, பிரேக்கு," என்று கத்தினேன். அவர் அசையவில்லை. புல் வரை போய் நானே மிதித்து நிறுத்தினேன்.

"நீங்க புடிச்சிருக்கலாமே சிக்கு."

"நான் எதுக்குப் புடிக்கணும்? கால் உங்களோடதுதானே."

எனக்குக் கோபம் வந்தது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கற்பிப்பதைப் பற்றி எனக்கு இவர் சொல்லித்தருவதா என்று ஓர் எண்ணம் வந்ததையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை.

"பயந்தவங்களுக்குத் துணை வேணாமா?" என்றேன்.

"துணைக்குத்தான் உக்காந்திருக்கேன் டீச்சர். ஓட்டுறதுக்கு இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இன்னொரு தடவை ஏறுங்க. இந்தத் தடவை கிளம்ப வேணாம். கைப்பிரேக்கு இழுத்தபடியே இருக்கட்டும். கிளட்சை மட்டும் மெல்ல மெல்ல விடுங்க. காது கொடுத்துக் கேளுங்க."

கேட்டேன். கிளட்ச் பாதி மேலே வந்தபோது இன்ஜின் சத்தம் தணிந்து கனத்தது. காரின் மூக்கு லேசாகத் தூக்கியது. முழங்காலில் ஓர் அதிர்வு தெரிந்தது.

"இப்ப?" என்றார்.

"மாறுது."

"அதுதான். இப்ப கைப்பிரேக்கை விட்டாலும் நிக்கும்."

விட்டேன். நின்றது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. இரண்டு மாதமாக அதே மேட்டில் ஏறியிருக்கிறேன். அப்போதும் அதே சத்தம் எழுந்திருக்கும். என் காது முழுக்க முதல் பயிற்றுநர் என்ன சொல்வார் என்பதில்தான் இருந்தது. காரைக் கேட்க வேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை.

அதற்காக அவர் எப்போதும் காலைத் தூக்கி வைத்திருந்தார் என்று நினைக்க வேண்டாம். மறுவாரம் பெரிய சாலைக்குப் போனோம். காலை இறக்கிச் செருப்பில்லாமல் பிரேக்மேல் வைத்துக்கொண்டார். ஒரு சந்திப்பில் வலப்பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்ததை நான் பார்த்தும் போய்விடலாம் என்று எண்ணிக் கிளம்பினேன். அவர் ஓங்கி மிதித்தார். என் நெற்றி ஸ்டியரிங் வரை போய் வந்தது. லாரி எங்களைக் கடந்து போனது.

"இதுக்கு மட்டும் புடிச்சீங்களே," என்றேன்.

"அங்க உருண்டா புல்லு. இங்க உருண்டா நாம ரெண்டு பேரும் இல்ல. அது வேற, இது வேற டீச்சர்."

அவர் எந்தக் கல்லூரியிலும் கற்பித்தலைப் படிக்கவில்லை. எந்தத் தவறைத் தடுக்க வேண்டும், எந்தத் தவறை நடக்க விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு எல்லாத் தவறும் லாரியாகத்தான் தெரிந்திருக்கிறது. ஒரு பிள்ளை 'ளகர'த்தை 'லகர'மாக வாசித்தால் யாருக்கும் அடிபடாது. அதைக்கூட நடக்கவிடாமல் முந்திக்கொண்டு திருத்தினேன்.

மறுநாள் சிறுமியை வாசிக்கக் கூப்பிட்டபோது என் நாற்காலியை அவளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன். என் வாய் அவளுக்குத் தெரியாது. அவள் புத்தகத்தைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். "முன்னால பாரு கண்ணு. டீச்சர் இங்கதான் இருக்கேன்." மறுபடி திரும்பினாள். முன்வரிசையில் இருந்த பையன், "அந்தச் சொல்லு 'அம்மா'," என்று எடுத்துக் கொடுத்தான். அவனை அடக்கினேன். வகுப்பில் அப்படி ஓர் அமைதியை நான் அதுவரை அனுமதித்ததே இல்லை. சுவர்க் கடிகாரத்தின் நொடிகளை எண்ணினேன். ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்று தெரிந்தது. சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மூன்று நாள் அப்படியே போனது. மூன்றாவது நாள் அழுதாள். நான்காவது நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாவது நாள் அவள் அம்மா வந்தார்.

குளுவாங்கில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறவர். சீருடையோடு, அடையாள அட்டை கழுத்தில் தொங்க, வகுப்பு வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"டீச்சர், பிள்ளை வீட்டுல அழுவுது. டீச்சருக்கு எம்மேல கோவம், மூஞ்சியைக் காட்ட மாட்டேங்குறாங்கன்னு சொல்லுது. எதுவும் தப்பு செஞ்சிட்டாளா?"

இத்தனை ஆண்டுகளில் பெற்றோரிடம் பிள்ளைகளின் குறையைச் சொல்லியிருக்கிறேன். என் குறையைச் சொன்னதில்லை.

"அவ ஒரு தப்பும் செய்யலம்மா. தப்பு என்னோடது."

எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டில் எழுதியது, தலைமையாசிரியை கண்டுபிடித்தது, என் வாய், பின்னால் போட்ட நாற்காலி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தாலும் நியாயம்தான்.

"குறைமாசத்துல பொறந்தவ டீச்சர்," என்றார் கடைசியில். "ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தா. அதுலேருந்து நானே எல்லாம் செஞ்சிருவேன். இன்னும் காலுல சப்பாத்துக் கயிறு நான்தான் கட்டுறேன். சோறுகூட சில நாள் ஊட்டித்தான் விடுவேன். அவளுக்கு மண்டையில எதுவும் கொறையா இருக்குமோன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம். யார்கிட்டயும் கேட்டதில்ல. கேட்டா ஆமான்னு சொல்லிருவாங்களோன்னு." நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்படி ஒன்னும் இல்லையா டீச்சர்?"

நான் மருத்துவர் இல்லை. ஆனால் அவள் செய்த வேலையை யோசித்துப் பார்த்தேன். ஓர் உதட்டின் அசைவை வைத்து மூன்று வரியைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை. அதை ஆறு மாதம் என்னிடமிருந்து மறைக்கவும் தெரிந்த பிள்ளை.

"புத்திசாலிப் பிள்ளைம்மா. என்னையே ஏமாத்திட்டா," என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான். "அலமாக், கடவுளே," என்றார் மூக்கைத் துடைத்தபடி. "நான் என்னென்னவோ நெனச்சிட்டேன் டீச்சர்." அவர் போன பிறகு எனக்கும் உடம்பு லேசானது. ஒளிக்க ஒன்றும் மீதி இல்லை.

சிறுமி திங்கட்கிழமை வந்தாள். நாற்காலியைப் பின்னால் போடுவதை விட்டேன். அது அவளுக்குத் தண்டனையாகத் தெரிந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து, அவளிடமே விஷயத்தைச் சொன்னேன்.

"டீச்சர் வாய் சும்மா இருக்காது. அதனால நான் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கப்போறேன். நீ வாசி. தப்பா வாசிச்சாலும் நான் சொல்லமாட்டேன். நீயா கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிக்க முடியலைன்னா?"

"என்னைக் கேளு. கேட்டா சொல்லுவேன்."

வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. சிரிப்பினூடே முதல் சொல்லை எழுத்துக் கூட்டினாள். அப்போதுதான் அவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று நான் முதல் தடவையாகப் பார்த்தேன். உயிர்மெய்யில் பாதி நன்றாகத் தெரிந்திருந்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பின. மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒன்றாகத் தெரிந்தன. இது பெரிய மாயமில்லை. உட்கார்ந்து செய்தால் செய்து முடிக்கக்கூடிய வேலை. இரண்டு வாரத்துக்கு நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டு அட்டைகளை வைத்து அதைத்தான் செய்தோம். சில நாள் முன்னேற்றம், சில நாள் ஒன்றுமில்லை. ஒரு நாள் அவளுக்கு அலுத்துப்போய் அட்டைகளை எல்லாம் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள். நான் குனிந்து பொறுக்கினேன். பாதியில் அவளும் வந்து பொறுக்கினாள்.

இதற்கிடையில் எனக்கு இரண்டாவது சோதனை நாள் வந்தது. மேட்டில் ஏறி நிறுத்தினேன். வெளியே வேறொரு அதிகாரி. கிளட்சை மெல்ல விட்டு, சத்தம் கனக்கும் வரை காத்திருந்தேன். அது வந்தது. கைப்பிரேக்கை இறக்கினேன். கார் நின்றது, பிறகு மேலே போனது. நிறுத்துமிடத்தில் ஒரு தூணை உரசுவது போல வந்து தப்பித்தேன். சாலைச் சோதனையில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அதிகாரி கொட்டாவி விட்டார். தேறிவிட்டேன் என்று தாளைக் கொடுத்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட, அப்பாடா என்றுதான் இருந்தது. கீழே உட்கார இடம் தேடினேன்.

முதல் பயிற்றுநரை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முழங்காலில் கட்டோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாளைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

"நான் சொல்லல? உங்களுக்கு வரும்னு. பதற்றம்தான் டீச்சர், வேற ஒன்னும் இல்ல."

மேட்டுச் சமாச்சாரத்தைச் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். சொல்லவில்லை. அவருக்காக மட்டும் இல்லை. வேர்த்த கையோடு முதல் நாள் அந்தக் காருக்குள் நான் ஏறி உட்கார்ந்ததே அவர் 'நான் இருக்கேன்லா' என்றதால்தான். எடுத்த எடுப்பில் அந்தப் பஸ் ஓட்டிய பெண்ணிடம் போயிருந்தால் முதல் நாளே இறங்கி ஓடியிருப்பேன். நான் கல்லூரியில் எழுதிய இரண்டு பக்கமும் தவறு இல்லை என்று அவர் வீட்டுக் காப்பியைக் குடிக்கும்போது தோன்றியது. அது பாதி. மீதிப் பாதியை எழுத எனக்கு இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

தலைமையாசிரியை கொடுத்த மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது, பசியாறும் இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். சிறுமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"இன்னைக்குத் தோசை இல்ல டீச்சர்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. போர்டுல எழுதியிருக்கு."

கேண்டீனில் சமைக்கும் பெண்மணி தினமும் ஒரு சின்னப் பலகையில் தமிழில் எழுதி வைப்பார். நான் வகுப்பை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். 'இன்று தோசை இல்லை. மீ கோரெங் உண்டு' என்று சாக்குக்கட்டியில் எழுதியிருந்தது. மீ கோரெங் என்றால் வறுத்த நூடுல்ஸ். கொம்பும் சுழியும் அவர் எழுத்தில் தெளிவாகக்கூட இல்லை. அந்தப் பிள்ளை வரிசையில் நின்றபடி தானே அதை வாசித்து, தானே ஏமாந்திருக்கிறாள். அந்த நேரத்தில் நான் ஆசிரியர் அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். அவள் முதல் முதலாகத் தானாக வாசித்ததைப் பார்க்க நான் அங்கே இல்லை. அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்பதும் உண்மை.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை அவளை அழைத்தார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்றேன். உள்ளே குரல் கேட்கவில்லை. அவள் குரல் கதவைத் தாண்டி வரக்கூடியது இல்லை. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"நாலு வரி," என்றார் தலைமையாசிரியை. "மெதுவாத்தான். ரெண்டு தப்பு. ஒன்னை அவளே திரும்பி வந்து திருத்திக்கிட்டா. குறைநீக்கல் வேணாம் டீச்சர். இங்கேயே இருக்கட்டும்."

பதிவேட்டில் 'வாசிப்பு நன்று' என்பதை அடித்துவிட்டு, 'தானாக வாசிக்கிறாள், மெதுவாக' என்று எழுதினேன். பிறகு அவள் அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. என் அழைப்பைப் பார்த்ததும் பயந்திருக்கிறார்.

"டீச்சர்? என்ன டீச்சர்?"

"ஒன்னும் இல்லம்மா. நல்ல விஷயம்தான். வாசிச்சுட்டா. நான் இல்லாமலே."

மறுமுனையில் பேச்சு இல்லை. இயந்திரச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நானும் காத்திருந்தேன், அதற்குள் எனக்கு அது பழகிப்போயிருந்தது.

"சரி டீச்சர்," என்றார் பிறகு. "என் மெஷின்கிட்ட ஆள் இல்ல. நான் வேலைக்குப் போறேன்."